இணைப்பு வாகனங்களும் வீதி நெரிசலும்

இணைப்பு வாகனம் என்பது தான் நிற்கும் இடம், ஓடும் வேகம், போகும் திசை, பிரேக் பிடித்திருக்கிறதா இல்லையா என்ற விவரங்களை அருகிலுள்ள வாகனங்களுக்கோ, வீதியோரக் கருவிக்கோ, தொலைவிலுள்ள கணினி மையத்துக்கோ அறிவித்து, அங்கிருந்து வரும் செய்திகளையும் வாங்கிக்கொள்ளும் வாகனம். தானாக ஓடும் வாகனத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. இணைப்பு வாகனத்தை ஓட்டுபவர் மனிதராகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான். வளைவுக்கு அப்பால் பழுதாகி நிற்கும் லொறியை எந்தச் சாரதியாலும் பார்க்க முடியாது. அந்த லொறியே "இங்கே நிற்கிறேன்" என்று சொல்லிவிட்டால் பார்க்கத் தேவையில்லை. விபத்தைத் தவிர்க்க என்று தொடங்கிய இந்த எண்ணம் பின்னர் நகர நெரிசலைக் குறைக்கும் வழியாகவும் வளர்ந்தது. இக்கட்டுரை அந்த இரண்டாவது பயனைப் பற்றியது. யாழ். குடாநாட்டின் மானிப்பாய் போன்ற சிறு பட்டினத்தில் அது எந்த உருவில் வரக்கூடும் என்பதையும் பார்க்கிறது.

பெயர்

இத்துறைக்குத் தமிழில் நிலைத்த கலைச்சொற்கள் இன்னும் இல்லை. மானிப்பாயை வைத்து எழுதும்போது இது கொஞ்சம் உறுத்துகிறது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1847இல் யாழ்ப்பாணம் வந்து, இதே ஊரில் இருந்துகொண்டு மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், தமிழில் மருத்துவ நூல்களை வெளியிட்டார், அதற்கு வேண்டிய சொற்களையும் ஆக்கினார். கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. உடற்கூற்றுக்குச் சொல் கண்ட ஊரில் வாகனம் பேசும் பேச்சுக்குச் சொல் காண்பது முடியாத காரியமல்ல. இங்கே இணைப்பு வாகனம், வாகனத்துக்கு வாகனம், வாகனத்துக்கு வீதி ஆகிய எளிய சொற்களே கையாளப்படுகின்றன.

நெரிசல் பிறக்கும் விதம்

காரணமே இல்லாமலும் நெரிசல் உண்டாகும். நகோயா பல்கலைக்கழகத்தின் யூக்கி சுகியாமாவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட சோதனை இதைக் கண்முன் காட்டியது. 230 மீற்றர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, ஒரே வேகத்தில் சுற்றும்படி சாரதிகளிடம் சொன்னார்கள். சந்தி கிடையாது, விளக்கு கிடையாது, குறுக்கே மாடும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் சற்றுத் தயங்கினார், பின்னால் வந்தவர் அதைவிடக் கூடுதலாகப் பிரேக் பிடித்தார், அவருக்குப் பின்னால் வந்தவர் நின்றேவிட்டார். அந்த நிற்றல் ஓர் அலையாகி, கார்கள் போகும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது.

இப்படிப்பட்ட அலையை அடக்க எல்லா வாகனங்களையும் மாற்றவேண்டியதில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் ஏறக்குறைய இதே வட்டச் சோதனையைச் செய்த ஆய்வாளர்கள், இருபது சொச்சம் கார்களில் ஒன்றை மட்டும் கணினிக் கட்டுப்பாட்டில் ஓடவிட்டபோதே அலை அடங்கியதாக 2018இல் எழுதினார்கள். 2022 நவம்பரில் டெனசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்கு அருகே, நிஜமான நெடுஞ்சாலையில், 100 கார்களைக் கொண்டு இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள்.

ஆனால் இது நெடுஞ்சாலை நோய்க்கான மருந்து. பட்டினச் சந்தியின் நோய் வேறு. அங்கே பாதையை அடைப்பது பஸ் நிற்கும் முறை, வலது பக்கம் திரும்பக் காத்திருக்கும் வான், கடைவாசலில் சரிந்து நிற்கும் மோட்டார் சைக்கிள் வரிசை, சமிக்ஞை விளக்கு இருந்தால் அதன் நேரப் பங்கீடு. இரண்டையும் ஒரே பெயரில் நெரிசல் என்று சொல்வதால்தான், ஒரு நாட்டில் வென்ற திட்டத்தைத் தூக்கி இன்னொரு நாட்டில் வைத்து ஏமாறுகிறார்கள்.

வாகனம் பேசும் வழிகள்

எதிரே வருபவர் இரண்டு தரம் ஹெட்லைட் அடித்தால் முன்னால் பொலிஸ் நிற்கிறது என்று இலங்கையில் சாரதி எவருக்கும் தெரியும். வாகனத்துக்கு வாகனம் செய்தி போகும் பழைய முறை அதுவே. புதிய முறையில் இந்தச் செய்தி வினாடிக்குப் பத்துத் தடவை, ஏறத்தாழ 300 மீற்றர் சுற்றுக்கு, வானொலி அலையில் போகிறது. இதற்கென அமெரிக்கா 1999இல் 5.9 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 75 மெகாஹேர்ட்ஸ் இடம் ஒதுக்கியது. வைஃபை குடும்பத்தைச் சேர்ந்த ஒரு நியமம் 2010இல் வந்தது. 2017 அளவில் கைபேசித் தொழில்நுட்பத்திலிருந்து பிறந்த போட்டி நியமம் ஒன்றும் தோன்றியது. எது வெல்லும் என்ற இழுபறி நீண்டது. ஒதுக்கிய இடம் பயன்படாமல் கிடக்கிறது என்று சொல்லி 2020இல் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் அதில் 45 மெகாஹேர்ட்ஸைப் பிடுங்கி வைஃபைக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் 30ஐக் கைபேசிவழி நியமத்துக்கு விட்டது. புதிய கார்கள் எல்லாவற்றிலும் இக்கருவியைக் கட்டாயமாக்க 2016இன் இறுதியில் அங்கே வந்த முன்மொழிவும் சட்டமாகவில்லை.

இந்த இழுபறிக்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. நூறு வாகனங்களில் பத்தில் கருவி இருக்கிறது என்று வைப்போம். வீதியில் சந்திக்கும் இரண்டு வாகனங்களிலும் அது இருப்பதற்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுதான். கருவி பாதிப் பேரிடம் இருந்தால்கூட, நாலு சந்திப்பில் ஒன்றில் மட்டுமே பேச்சு நடக்கும். முதலில் காசு கொடுத்துப் பூட்டியவருக்குப் பயன் இல்லை. ஆகையால் யாரும் முதலில் பூட்டுவதில்லை.

மையத்துக்குப் பேசும் முறையில் இந்தச் சிக்கல் கிடையாது. நூறு பேரில் பத்துப் பேர் தங்கள் கைபேசி வழியாக இருப்பிடத்தைத் தெரிவித்தாலே அந்த வீதி எப்படி ஓடுகிறது என்று கணித்துவிடலாம், ஏனென்றால் நெரிசலில் சிக்குபவர்கள் எல்லோரும் ஒரே வேகத்தில்தான் ஊர்கிறார்கள். கூகுள் வரைபடத்தில் சிவப்பும் பச்சையுமாகத் தெரியும் கோடுகள் இப்படி வருபவை. வாகனத்தில் கருவி இல்லாவிட்டாலும் சாரதியின் சட்டைப்பையில் இருக்கிறது. மானிப்பாய் போன்ற இடங்களுக்கு இணைப்பு வாகனம் வரப்போவது இந்த வழியாகத்தான் என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு. வானொலிப் பெட்டிக்காகக் காத்திருப்பது வீண்.

பிற நாடுகளில்

ஜப்பான் இதில் மூத்தது. 1996இலேயே அங்கே வீதி நிலவரத்தைக் காருக்குள் இருக்கும் வழிகாட்டித் திரைக்கு அனுப்பும் விக்ஸ் சேவை தொடங்கியது. 2001இல் மின்னணுச் சுங்கம் பொதுப் பாவனைக்கு வந்தது. 2015இல் டொயோட்டா நிறுவனம் 760 மெகாஹேர்ட்ஸ் அலையில் காரும் காரும், காரும் சந்தியும் பேசும் வசதியை விற்பனைக்கு விட்டது. ஐரோப்பாவில் 2019இல் வந்த எட்டாம் தலைமுறை வொக்ஸ்வாகன் கோல்ஃப் இவ்வகைப் பேச்சுக் கருவியோடேயே வந்தது.

இந்தத் தொழில்நுட்பத்தை நெரிசல் மேலாண்மையோடு நேரடியாகக் கட்டிப்போட்ட ஊர் சிங்கப்பூர். தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாகக் கொண்ட அந்த நகரம் 1975 ஜூனிலேயே, நகர மையத்துக்குள் காலையில் நுழையும் கார்கள் நாளுக்கு 3 டொலர் கொடுத்து உரிமச்சீட்டு ஒட்டவேண்டும் என்று விதித்தது. சீட்டைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க அதிகாரிகள் வாயில்களில் நின்றார்கள். 1998இல் அந்த வேலை வீதிக்கு மேலே கட்டிய வளைவுகளுக்குப் போனது. வளைவின் கீழே கார் போகும்போது உள்ளே செருகிய அட்டையிலிருந்து காசு கழியும். கட்டணம் இடத்துக்கு இடம், நேரத்துக்கு நேரம் மாறும். அதை நிர்ணயிக்கும் அளவுகோல்தான் கவனிக்கவேண்டியது. விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீற்றர், நகர வீதியில் 20 முதல் 30 கிலோமீற்றர் வேகம் நிலைத்தால் சரி. அதற்குக் கீழே போனால் கட்டணம் ஏறும், மேலே போனால் இறங்கும். நகர வீதியில் வேகம் 30ஐத் தாண்டினால் வீதியைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்று பொருள் கொள்கிறார்கள்.

இந்த வளைவுகளுக்குப் பதிலாகச் செய்மதி வழியே இயங்கும் அடுத்த தலைமுறை முறைக்கு 2016இல் 55.6 கோடி சிங்கப்பூர் டொலருக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. உலகளாவிய சில்லுத் தட்டுப்பாட்டால் இழுபட்டு, 2023 நவம்பரில்தான் வாகனங்களில் புதிய கருவியைப் பூட்டத் தொடங்கினார்கள். கருவி தன் இருப்பிடத்தை அறியும், வீதி நிலவரத்தையும் பாடசாலை வலயத்தையும் சாரதிக்குச் சொல்லும். தொழில்நுட்பம் சரியாகவே இருந்தது. மக்கள் முறுமுறுத்தது அதன் பெட்டியை முன் பயணியின் காலடியில் வைத்ததற்காக. பிறகு வேறு இடத்தில் வைக்கவும் வழி செய்தார்கள்.

இந்தியாவில் நடப்பது வேறு வகை. பெங்களூர், ஐதராபாத், கொல்கத்தா ஆகிய நகரங்கள் கூகுளின் 'கிறீன் லைட்' திட்டத்தில் சேர்ந்தன. வீதியில் புதிதாக எதையும் பூட்டாமல், கைபேசித் தரவிலிருந்து ஒரு சந்தியில் வாகனங்கள் எத்தனை தடவை நின்று கிளம்புகின்றன என்று கணித்து, விளக்கின் நேரத்தை இவ்வளவு மாற்றுங்கள் என்று நகர அதிகாரிகளுக்குப் பரிந்துரை அனுப்புவார்கள். நிறுத்தங்கள் 30 சதவீதம் வரை குறையலாம் என்பது அந்நிறுவனத்தின் சொந்த மதிப்பீடு. அதில் 'வரை' என்ற சொல்லை மறந்துவிடக்கூடாது. சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2022 மே மாதம் 'சென்னை பஸ்' செயலியைக் கொண்டுவந்தது. நிறுத்தத்தில் நிற்பவர் அடுத்த பஸ் எங்கே வருகிறது என்று அதில் பார்க்கலாம். 2025 செப்டெம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் சீட்டு.

இலங்கையில்

இலங்கையில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். ஓட்டோக்கள் பத்து இலட்சத்துக்கு மேல். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஐந்து வருடம் புதிய கார் வராத நாட்டில், பிறப்பிலேயே இணைப்பு வசதியுள்ள கார்களைத் தேடிப் பயனில்லை.

வந்த கார்களிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஜப்பானில் ஓடிப் பழகி இங்கே வந்த ரீகண்டிஷன் கார் ஒன்றில் ஏறிச் சாவியைத் திருப்பினால், சிலவற்றில் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் மரியாதையாக ஏதோ சொல்லும். சுங்க அட்டை செருகப்படவில்லை என்பதுதான் அது. திரையைப் போட்டால் ஜப்பானிய வரைபடம் தெரியும், கார் அங்கே ஏதோ கடலில் நிற்கும். உண்மையில் அது முழுமையான ஓர் இணைப்பு வாகனம். பேசக் காத்திருக்கிறது, கேட்க ஆள் இல்லை. வாகனத்துள் இருக்கும் பாதி மட்டும் வந்து வீதியோரப் பாதி வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

வாகனத்தைத் தரவோடு இணைத்து ஒரு நெரிசலைக் கரைத்த அனுபவம் இலங்கைக்கு இருக்கிறது. யாரும் அதை அப்படிப் பார்ப்பதில்லை. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பெற்றோல் செட் வரிசைகள் கிலோமீற்றர்க் கணக்கில் நீண்டன. வீதியின் ஒரு பக்கத்தை அந்த வரிசைகளே பிடித்துக்கொண்டன. அந்த ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதி அறிமுகமானது. அடையாள அட்டை இலக்கத்தையும் வாகனத்தின் செசி இலக்கத்தையும் கொடுத்துப் பதிந்தால் ஒரு கியூஆர் குறியீடு வரும். தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. எண்தகட்டின் கடைசி இலக்கத்தைப் பார்த்து நாளும் பிரித்துக் கொடுத்தார்கள். அச்சடித்த குறியீட்டைப் பலர் லமினேட் செய்து பேர்சுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

வாகனத்தில் கருவி ஏதும் இல்லை, செய்மதி இல்லை. இருந்தாலும் ஒவ்வொரு வாகனத்துக்கும் உரிய பங்கு ஒரு தரவுத்தளத்தில் இருந்தது, எல்லா நிலையங்களும் அதையே பார்த்தன. நேற்று அடித்தவர் இன்று வேறொரு நிலையத்தில் மறுபடி அடிக்க முடியாது. விடிய மூன்று மணிக்கே போய் நிற்பதால் கூடுதலாக ஒரு சொட்டும் கிடைக்காது. எரிபொருள் வரத்துச் சீரானதும் சேர்ந்துகொள்ள, வரிசைகள் குறைந்தன. 2023 செப்டெம்பரில் அந்த ஒதுக்கீடு நிறுத்தப்பட்டது.

1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இன்னோர் உதாரணம். 2016இல் இந்திய நன்கொடையில் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இது 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் நடந்த நிகழ்வோடு வடக்குக்கும் வந்தது. அழைப்பு ஒரு மையத்துக்குப் போகிறது. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று மையத்துக்குத் தெரியும். கிட்ட நிற்பதை அனுப்புகிறார்கள். கொழும்பில் 2015இல் தொடங்கிய பிக்மீ செயலியின் ஓட்டோக்களும் இதே வகையைச் சேர்ந்தவை. வெறுமையாகச் சுற்றி ஆள் தேடும் ஓட்டம் குறைந்தால் வீதியில் அந்த அளவு இடம் மிச்சம்.

மானிப்பாயில்

மானிப்பாய் யாழ்ப்பாண நகரத்துக்கு வடக்கே, காரைநகர் போகும் பிரதான வீதியில் இருக்கிறது. ஆனைக்கோட்டையைத் தாண்டி வருகிற வாகனம் மானிப்பாயைக் கடந்துதான் சண்டிலிப்பாய்க்கும் சங்கானைக்கும் போகவேண்டும். வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபையின் தலைமையகமும், 1910இல் தொடங்கிய இந்துக் கல்லூரியும், வைத்தியசாலையும், சந்தையும் கிட்டக் கிட்ட இருப்பதால் காலை ஏழரைக்கு எல்லோருக்கும் ஒரே வீதி தேவைப்படுகிறது.

அந்த நேரத்தில் சந்தியருகே நின்று பார்த்தால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஆய்வு வேண்டாம். தனியார் மினிபஸ் ஒன்று ஆள் சேரட்டும் என்று அரைவாசி வீதியில் உடம்பை வைத்துக்கொண்டு ஊர்கிறது. பின்னால் பாடசாலைப் பிள்ளைகளோடு வந்த ஹயஸ் வான் முந்த முடியாமல் ஹோர்ன் அடிக்கிறது. இடப்பக்க இடைவெளியில் மோட்டார் சைக்கிள்கள் நுழைகின்றன, அதற்கும் உள்ளே சைக்கிள்கள். மினிபஸ்ஸின் கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி கைபேசியில் பின்னால் வரும் பஸ்ஸின் ஆளைக் கேட்கிறார்: "எவடத்தில வாறாய்?" பதில் தூரத்தில் என்றால் பஸ் இன்னும் ஊரும். கிட்டவென்றால், ஏற வந்தவரின் ஒரு கால் இன்னும் நிலத்தில் இருக்கும்போதே பறக்கும்.

வாகனத்துக்கு வாகனம் தொடர்பு இங்கே ஏற்கெனவே இருக்கிறது என்றுதான் இதைச் சொல்லவேண்டும். அது ஓடுவது வசூலுக்காக. இதே தகவல், அதாவது ஒவ்வொரு பஸ்ஸும் எங்கே வருகிறது என்பது, வீதியில் நிற்கும் பயணிக்கும் நேரக்கணிப்பாளருக்கும் கிடைத்தால் ஊர்வதற்கும் பறப்பதற்கும் காரணம் குறையும். இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ்களுக்கும் தனியார் பஸ்களுக்கும் இணைந்த நேர அட்டவணை என்பது வடக்கில் பல காலமாக இழுபடும் விவகாரம். யார் நேரத்துக்கு எடுத்தார், யார் எடுக்கவில்லை என்ற வாக்குவாதத்தில் பாதியையாவது ஜிபிஎஸ் பதிவு தீர்த்துவைக்கும். மற்றப் பாதி, சாரதிக்கும் கொண்டக்டருக்கும் அன்றைய வசூலைப் பொறுத்துக் கூலி என்ற ஏற்பாடு. அதைச் செய்மதி தீர்க்காது.

பஸ்ஸை முதலில் இணைக்கவேண்டும் என்பதற்குக் கணக்கும் துணை நிற்கிறது. ஒரு பாதையில் பச்சை விளக்கு விழுந்தால் சுமார் இரண்டு வினாடிக்கு ஒரு கார் வீதம் வெளியேறும். பச்சையைப் பத்து வினாடி நீட்டினால் ஐந்து கார், அவற்றுக்குள் ஏழெட்டுப் பேர். வருவது பஸ் என்று விளக்குக்கு முன்கூட்டியே தெரிந்து அதே பத்து வினாடியை அதற்குக் கொடுத்தால் ஐம்பது அறுபது பேர் போய்விடுவார்கள். விளக்கு இல்லாத சந்தியில் இந்த வினாடிகளைப் பொலிஸ்காரர் கையால் கொடுக்கவேண்டியதுதான், அவருக்கும் அந்தத் தகவல் உதவும்.

வீதியோரத்தில் கருவி நடுவது குடாநாட்டில் அவ்வளவு இலேசான காரியமாக இருக்காது. 2019இல் யாழ். நகரில் 'ஸ்மார்ட் லாம்ப் போல்' என்ற விளக்குக் கம்பங்களை நட முயன்றபோது, அவை 5ஜி கோபுரங்கள் என்ற அச்சம் பரவி எதிர்ப்புக் கிளம்பியது. கதிர்வீச்சு பற்றிய பயம் மிகையானது. சொல்லாமல் கொண்டுவந்து நட்டார்கள் என்ற கோபம் அப்படியல்ல. வாகனங்களின் போக்குவரத்தை யார் பதிந்து வைத்திருப்பார்கள் என்ற கேள்வியும் போர்க்காலச் சோதனைச் சாவடிகளுக்கும் பயணம் செய்யப் பாஸ் எடுப்பதற்கும் பழகி வளர்ந்த தலைமுறைக்கு வெறும் கோட்பாட்டுக் கேள்வி அல்ல. இலங்கையில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. வெளிநாடுகளில் வாகனத்தின் அடையாளம் தெரியாதபடி அடிக்கடி மாறும் புனைபெயர்ச் சான்றிதழ்களோடு செய்தி அனுப்பும் முறை இருக்கிறது. பஸ்ஸில் இந்தப் பிரச்சினை சிறிது, ஏனென்றால் பஸ் எங்கே போகிறது என்பது அதன் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது.

தவறும் இடங்கள்

2020 பெப்ரவரியில் வெளியான காணொளி ஒன்றில் சைமன் வெக்கர்ட் என்ற ஜேர்மன் கலைஞர் 99 கைபேசிகளை ஒரு சிறு கைவண்டியில் போட்டு பேர்லின் வீதிகளில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். வீதி வெறிச்சோடிக் கிடந்தது, வரைபடம் அதைச் சிவப்பாகக் காட்டியது. கைபேசிக் கணிப்பின் பலவீனம் இதுதான்: மெதுவாக நகர்வது எதுவோ அது நெரிசல்.

இன்னொரு தவறு, எல்லோருக்கும் ஒரே குறுக்குவழியைக் காட்டுவது. ஜேர்மன் கணிதவியலர் டீட்ரிக் பிரஸ் 1968இலேயே, ஒரு வீதியைப் புதிதாகத் திறப்பதால் எல்லோருடைய பயணமும் தாமதமாகக்கூடிய நிலை உண்டு என்று காட்டியிருந்தார். அமெரிக்காவின் நியூஜேர்சியில் லியோனியா என்ற சிற்றூர், செயலிகள் அனுப்பும் கார்களின் தொல்லை தாங்காமல், 2018 ஜனவரியில் தன் உள்வீதிகளைக் காலையிலும் மாலையிலும் வெளியாருக்கு மூடியது. மானிப்பாய் இருக்கும் வலிகாமத்து ஒழுங்கைகள் அந்த வீதிகளைவிட ஒடுங்கியவை. இரண்டு பக்கமும் மதில், எதிரே ஒரு ஓட்டோ வந்தால் யாராவது ஒருவர் படலை வரை பின்னால் எடுக்கவேண்டும். பிரதான வீதி சிவப்பு என்று செயலி பத்துக் கார்களை அந்த ஒழுங்கைக்குள் விட்டால் அங்கே பிறக்கும் நெரிசல் வரைபடத்திலும் வராது.

வரைபடத்துக்குத் தெரியாதவை வேறும் உண்டு. மானிப்பாய் மருதடி விநாயகர் கோவில் தேர் சித்திரைப் புத்தாண்டு அன்று ஓடுகிறது. அன்றைக்கு அந்தப் பக்கம் வாகனம் நகராது என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பஞ்சாங்கத்திலும் தேதி இருக்கிறது. வீதி மூடல்களை முன்கூட்டியே பதிவதற்கு வரைபடச் சேவைகளில் வசதி இருக்கிறது. யாரும் பதியாவிட்டால், தேர் தன் இடத்தைவிட்டுக் கிளம்பி, கூட்டத்தின் சட்டைப்பைகளில் உள்ள கைபேசிகள் மெதுவாக நகரத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கோடு சிவக்கும்.